அத்தான் காலும் திருவுளச் சீட்டும்

எங்கள் அத்தான் ரிட்டயர்டு சர்வேயர். முப்பத்திரண்டு வருஷம் சங்கிலியை இழுத்துக்கொண்டு திருநெல்வேலிச் சீமையில் வயல், வரப்பு, ஓடை, புறம்போக்கு ஒன்று பாக்கியில்லாமல் அளந்தவர். கல்யாண வீட்டில் பந்திப் பாயைப் பார்த்தால்கூட, "இது முப்பதடி இருக்காது வே" என்பார். ஊரையே அளந்த மனுஷர், தன் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் அளக்க மாட்டார். அளந்தால் அல்வாவை விடவேண்டி வருமே!

போன வருஷம் ஒரு சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். "தம்பி, ஒங்க அத்தான் நடந்த எடமெல்லாம் செம்மண் கோலம் போட்ட மாதிரி இருக்கு. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்காவ."

ஓடிப்போய்ப் பார்த்தேன். வலது செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு அரை அங்குல ஆணி ஒன்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட், பாங்க், நூலகம் எல்லாம் சுற்றிவிட்டு வந்திருக்கிறார்.

"அத்தான், வலிக்கவே இல்லையா?"

"வலிச்சா கழட்டியிருக்க மாட்டனா வே?"

நியாயமான பதில்தான். பதினெட்டு வருஷச் சர்க்கரை அவர் பாதத்துக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் டெலிபோன் ஒயரை எப்போதோ அறுத்துவிட்டிருந்தது. பாதம் கூப்பிடுகிறது, மூளையில் மணி அடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது வைத்தியம். பக்கத்து வீட்டு ஆச்சி மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்தாள். தெருக்கோடி கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். அத்தானின் பழைய ஆபீஸ் சிநேகிதர் கொல்லிமலைத் தேன் என்று ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். துபாயிலிருந்து லீவில் வந்த மருமகன் வெள்ளி கலந்த பிளாஸ்திரி ஒன்றை ஒட்டினான். ஒன்றின் விலையில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கலாம். வாட்ஸப்பில் வந்த வைத்தியம்தான் எல்லாவற்றுக்கும் சிகரம்: புண்ணின் மேல் சர்க்கரையைத் தூவு! சர்க்கரை வியாதிக்காரர் புண்ணில் சர்க்கரை. முள்ளை முள்ளால் எடுக்கிற சித்தாந்தம் போலிருக்கிறது. அக்கா அதையும் விடவில்லை.

எட்டாம் நாள் புண் கொஞ்சம் சுருங்கினாற்போல் தெரிந்தது. உடனே ஐந்து பேரும் ஆளுக்கொரு மாலைக்குக் கழுத்தை நீட்டினார்கள். "நான் சொல்லலை?" என்றாள் ஆச்சி. "தேன்னா சும்மாவா?" என்றார் சிநேகிதர். மருமகன் பிளாஸ்திரிப் பெட்டியின் படத்தை மாமனாருக்கு மறுபடியும் காட்டினான்.

மூன்றாம் வாரம் கால் வீங்கியது. வாடை. குளிர் ஜுரம். இப்போது மாலைக்கு ஒருவரையும் காணோம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சீழ் எலும்பு வரை போய்விட்டது என்று இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அம்மி மிதித்து மெட்டி போட்ட அக்காவின் விரலைத் தன் கையில் பிடித்துக்கொண்டு அத்தான் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே படுத்திருந்தார். சர்ஜன் அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "விரலோட நிக்கணும்மா. இல்லேன்னா அடுத்தாப்ல பாதம். அதுக்கடுத்தாப்ல முழங்காலுக்குக் கீழே." அக்கா அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

விரல் போன இடம் ஆறிவிட்டது. ஆனால் ஆணி குத்திய பழைய புண், பெருவிரலுக்கு அடியில், ஆறுகிற வழியாக இல்லை. வார்டில் இருந்த சின்ன டாக்டர் ஒருவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "ஸார், நாங்க போட்டதிலே எது நல்லது, எது கெடுதல்?"

அவர் சிரித்தார். "அஞ்சையும் ஒரே வாரத்துல போட்டுட்டு என்கிட்ட வந்து கேட்டா நான் என்ன ஜோசியரா ஸார்?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதே வசனத்தை என் சர்வீஸில் நானே எத்தனையோ சூப்பர்வைசர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருஷம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். ஸ்பிண்டில் சுற்றுகிறது, நூல் முறுக்கேறிக் கண்டில் சுற்றிக்கொள்கிறது. நடுவில் டிராவலர் என்று ஒரு சின்ன இரும்பு வளையம், மூக்குத்தி சைஸில், நூலைப் பிடித்துக்கொண்டு ஓடும். மானேஜ்மெண்டுக்கு உற்பத்தி கூட வேண்டும். ஸ்பிண்டில் வேகத்தைக் கூட்டினோம். நூல் படபடவென்று அறுந்தது. சரி, வேகம் ஆகாது என்று பழையபடி குறைத்துவிட்டு, டிராவலரை மட்டும் லேசானதாக மாற்றிப் பார்த்தோம். அப்போதும் அறுந்தது. ஆக வேகமும் ஆகாது, லேசு டிராவலரும் ஆகாது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

ஆறு மாசம் கழித்து ஒரு இளம் என்ஜினீயர் வந்து இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினான். நூல் அறுவது பழைய அளவுக்கு மேல் போகவில்லை, உற்பத்தி கூடிவிட்டது! கனமான டிராவலர் வேகத்தில் நூலை வெடுக்கென்று இழுக்கும். லேசான டிராவலர் மெதுவாக ஓடினால் நூல் தொளதொளவென்று பூரிக்கும். இரண்டும் ஜோடி சேர்ந்தால்தான் குடித்தனம். தனித்தனியாகப் பெண் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொன்ன கதை எங்களுடையது.

இந்தச் சமாசாரத்துக்கு மூலபுருஷர் ரொனால்ட் ஃபிஷர் என்கிற ஆங்கிலேயர். 1919-ல் ராதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாக எந்த வயலுக்கு எந்த உரம் என்று குறித்து வைத்த குறிப்புகள் குவிந்து கிடந்தன. வயலின் மேற்கு மூலை இயல்பிலேயே செழிப்பு என்றால் அங்கே போட்ட உரம் நல்ல பேர் வாங்கிவிடும். ஆகவே எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை மனுஷன் முடிவு பண்ணக்கூடாது, திருவுளச் சீட்டுப் போட்டு எடு என்றார் ஃபிஷர். இரண்டாவதாக, இயற்கையிடம் ஒரு தடவைக்கு ஒரே கேள்விதான் கேட்கவேண்டும் என்கிற பழைய உபதேசத்தைத் தூக்கிப் போடு. பல கேள்விகளைச் சேர்த்து, ஆனால் ஒழுங்காகத் திட்டம் போட்டுக் கேள் என்று 1926-லேயே எழுதினார். 1935-ல் தனிப் புத்தகமே போட்டார்.

"பல கேள்விகளைச் சேர்த்துக் கேள்" என்றால் எங்கள் அக்கா பண்ணினது சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் வித்தியாசம். ஓட்டலுக்குப் போகிறீர்கள். இட்லியா தோசையா, சாம்பாரா சட்னியா, காபியா டீயா? எட்டு விதமாக டிபன் சாப்பிடலாம். அக்கா எட்டையும் ஒரே இலையில் கொட்டிப் பிசைந்துவிட்டாள். ஃபிஷர் எட்டு இலை போடச் சொல்கிறார்.

சர்க்கரைப் புண்ணுக்கே வருவோம். மூன்று சந்தேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதா காஸ் துணியா, விலை கூடிய பிளாஸ்திரியா? புண்ணின் செத்த தோலைச் சுரண்டிச் சுத்தம் பண்ணுவது வாரம் ஒரு தடவையா, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையா? சாதாச் செருப்பா, பாதத்தில் பாரம் விழாமல் கட்டுப் போடுவதா? எட்டு சேர்மானம். நோயாளிகள் 80 பேர். சீட்டுப் போட்டு, சேர்மானத்துக்குப் பத்துப் பேர்.

"பத்துப் பேரை வச்சிக்கிட்டு என்னய்யா தெரியும்?" என்பீர்கள். சூட்சுமமே அதில்தான். கட்டா, செருப்பா என்று பார்க்கும்போது 80 பேரும் வந்துவிடுவார்கள். கட்டு 40, செருப்பு 40. இரண்டு பக்கமும் பிளாஸ்திரிக்காரர்கள் சரிபாதி, வாராவாரம் சுத்தம் பண்ணினவர்கள் சரிபாதி. ஆகவே மற்ற இரண்டும் குறுக்கே வராது. அடுத்து காஸா, பிளாஸ்திரியா? அதே 80 பேரை வேறு மாதிரி 40, 40 ஆகப் பிரித்துப் பார்க்கவேண்டியது. தனித்தனியாக மூன்று பரீட்சை நடத்தினால் 240 கால் வேண்டும். இங்கே 80 காலே மூன்று வேலை பார்க்கிறது. போதாததற்கு எங்கள் டிராவலர் ரகசியமும் இதில் வெளிவரும். பிளாஸ்திரி செருப்புக்காரருக்குப் பிரயோசனப்படாமல், கட்டுக்காரருக்கு மட்டும் கைகொடுக்கிறதா என்று பார்க்கலாம். (அதை அடித்துச் சொல்வதற்கு 80 பேர் போதாது, கூட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கில் இனாம் கிடையாது.)

ஃபிஷரின் மகளைக் கட்டிக்கொண்ட ஜார்ஜ் பாக்ஸ் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். மாமனார் உருளைக்கிழங்கு வயலில் பண்ணினதை மாப்பிள்ளை கெமிக்கல் கம்பெனியில் பண்ணினார், 1951-ல். கல்கத்தாவில் சி. ஆர். ராவ் 1940-களிலேயே, எல்லாச் சேர்மானத்தையும் பரீட்சை பண்ணாமல் பொறுக்கி எடுத்த சிலதை மட்டும் பண்ணி விடை காண அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தார். இன்றைக்குப் புண்ணுக்கான ஜெல், பட்டி தயாரிக்கிற ஆராய்ச்சிக் கூடங்களில் இந்தக் குடும்பச் சொத்துதான் புழங்குகிறது. பசை எவ்வளவு, அதை இறுக்கும் சரக்கு எவ்வளவு, மருந்து எவ்வளவு? மூன்றுக்கும் குறைச்சல், நடுத்தரம், கூடுதல் என்று மும்மூன்று அளவு வைத்தால் 27 தடவை கிண்டவேண்டும். பாக்ஸும் பென்கனும் 1960-ல் சொன்ன திட்டப்படி 15 தடவை கிண்டினால் போதும். எந்தக் கலவை ஈரத்தைப் பிடித்து வைத்து மருந்தை மெள்ள விடும் என்று கோடு போட்டுச் சொல்லிவிடலாம்.

ஆனால் கண்ணாடிக் கிண்ணம் வேறு, எங்கள் அத்தான் கால் வேறு. கிண்ணம் எழுந்து நடக்காது. கிண்ணம் ராத்திரி பதினோரு மணிக்குப் பூனைநடை நடந்து பிரிட்ஜைத் திறக்காது.

மனுஷர்களிடம் பரீட்சை பண்ணும்போது இன்னொரு வம்பு. டாக்டரும் மனுஷன்தானே? புது மருந்தை, தேறுவான் என்று தோன்றுகிற காலுக்குக் கொடுக்கச் சொல்லும் மனசு. அதனால்தான் சீட்டு. சின்னப் புண் தானாகவே ஆறும், பெரிய புண் இழுக்கும். ஆகவே முதலில் புண்ணின் அளவுப்படி கோஷ்டி பிரித்துவிட்டு அப்புறம் கோஷ்டிக்குள் சீட்டு. ஆறிவிட்டதா என்று பார்க்கிறவருக்கு யாருக்கு என்ன வைத்தியம் என்று தெரியக்கூடாது. "ஆறிவிட்டது" என்பதற்கும் கறாரான விதி உண்டு: தோல் முழுசாக மூடி, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும் மூடியே இருக்கவேண்டும்.

இன்னொன்று: ஒப்பிடுவதற்கு ஒரு கோஷ்டி கட்டாயம் வேண்டும். உணர்ச்சி மரத்த பாதத்தில் வரும் சர்க்கரைப் புண், ஒழுங்கான சாதாரணச் சிகிச்சையிலேயே 12 வாரத்தில் நூற்றுக்கு 24 ஆறிவிடுகிறது, 20 வாரத்தில் 31 என்று 1999-ல் பல ஆராய்ச்சிகளின் ஒப்பீட்டுக் கோஷ்டிகளைக் கூட்டிக் கணக்கெடுத்துச் சொன்னார்கள். அதாவது நாலு பேருக்கு நான் விபூதி கொடுத்தால்கூட ஒருவர் குணமாகி என் காலில் விழுவார்! மற்ற மூன்று பேர் திரும்பி வரமாட்டார்கள். எனக்குப் பேர் நிலைத்துவிடும்.

இங்கிலாந்தில் 2009-ல் ஒரு பரீட்சை முடிவு வந்தது. சர்க்கரைப் புண்காரர்கள் 317 பேர். சாதாரணமான ஒட்டாத வலைத்துணி, அயோடின் தடவினது, ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாக மாறும் நவீனமானது என்று மூன்று கட்டுத்துணிகளைச் சீட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். 24 வாரம். முடிவு? ஆறுவதில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசமே இல்லை. துபாய் மருமகனுக்கு இதை நான் சொல்லவில்லை. பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்தது. (2018-ல் வேறொரு மருந்துக் கட்டு, 240 பேர் பரீட்சையில் ஆறியவர்கள் 30 சதவீதமாக இருந்ததை 48 ஆக்கிக் காட்டியது. எல்லாப் பிளாஸ்திரியும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை.)

ஆக்ஸிஜன் அறை கதை இன்னும் தமாஷ். நோயாளியை அழுத்தக் கூண்டில் உட்காரவைத்துச் சுத்த ஆக்ஸிஜன் கொடுப்பது. ஒப்பீட்டுக் கோஷ்டியையும் அதே மாதிரிக் கூண்டில் உட்காரவைத்து வெறும் காற்றைக் கொடுத்தார்கள். ஸ்வீடனில் 94 பேர், 2010: ஆக்ஸிஜன் ஜெயித்தது. கனடாவில் 103 பேர், 2016: ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு பரீட்சையோடு பட்டாசு வெடிக்கக்கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

"என் உடம்பில் சீட்டுக் குலுக்குவதா?" என்று கோபப்படுகிறவர்களுக்கு நம்ம மெட்ராஸையே சொல்லலாம். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மையம் ஆரம்பித்தார்கள். அப்போது டி.பி. என்றால் ஸானடோரியத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை, அத்தனையும் வேண்டும் என்பது வேதவாக்கு. நோயாளிகள் 193 பேரைச் சீட்டுப்படி ஸானடோரியத்துக்குப் பாதி, குடிசை வீட்டுக்கே பாதி என்று பிரித்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு: வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குத் தேறினார்கள்! பக்கத்துப் படுக்கையில்லை, பால் முட்டையில்லை, மருந்து போதும். உலகம் பூரா டி.பி. வைத்தியத்தை மாற்றிப் போட்டது அந்தச் சீட்டு.

எட்டு இலைப் பந்தியின் சின்ன வடிவம், அதாவது நாலு இலை, மாரடைப்புக்குப் போடப்பட்டது. 1988-ல் வெளிவந்த ஐஸிஸ்-2 என்ற பரீட்சை. நோயாளிகள் 17,187 பேர். ஆஸ்பிரின் மட்டும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மட்டும், இரண்டும், இரண்டுமில்லை. ஐந்து வாரத்தில் இரண்டும் கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 13 பேர் போய்விட்டார்கள். இரண்டும் கிடைத்தவர்களில் 8 பேர். எத்தனை உயிர் பாருங்கள்! உடனே, "பெண்களுக்கு எப்படி, கிழவர்களுக்கு எப்படி, துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டு" என்று கேட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள். மிதுன ராசிக்கும் துலா ராசிக்கும் ஆஸ்பிரின் ஆகாது என்று வந்தது! மற்ற பத்து ராசிக்கும் அமோகம். நம்ம பத்திரிகையின் ராசிபலன் பக்கத்துக்கு இதைக் கொடுத்திருந்தால் சந்தோஷமாகப் போட்டிருப்பார்கள். முன்கூட்டித் திட்டம் போடாமல் எண்களைக் கூறுபோட்டால் என்ன வேண்டுமானாலும் வரும் என்று காட்டத்தான் அவர்கள் அதைச் செய்தது.

சரி, அத்தான் காலுக்கு எதுதான் வழி? சின்ன டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று. "பாரத்தை எடுக்கணும் ஸார். மேலே எதைத் தடவுறீங்கங்கிறது அப்புறம். அவர் ஒவ்வொரு எட்டுக்கும் முழு உடம்பையும் அந்தப் புண் மேல ஏத்தி இறக்கறாரு."

இந்த யோசனைக்குத் தமிழ்நாட்டுச் சம்பந்தம் உண்டு. பால் பிராண்ட் என்ற டாக்டர் 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர், பெற்றோர் மிஷனரிகள். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகால் தானாக அழுகி விழுகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். வலி தெரியாததால் அவர்களே அறியாமல் தேய்த்தும் மிதித்தும் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று கண்டார். ராத்திரி தூங்கி எழுந்தால் சிலருக்கு விரல் குறைந்திருந்தது. ஒளிந்திருந்து பார்த்தால், எலி! கடித்தாலும் தெரியவில்லை. அப்புறம் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். பாதப் புண்ணுக்கு, பாதம் முழுக்க ஒட்டினாற்போல மாவுக்கட்டுப் போட்டார்கள். பாரம் ஒரே புள்ளியில் விழாமல் பாதம் முழுக்கவும் காலுக்கும் பரவிவிடும். 1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் கார்வில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதே கட்டுச் சர்க்கரைப் பாதத்துக்கும் வந்தது.

அதையும் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 63 பேர், 2001-ல் வெளியானது. 12 வாரத்தில் ஆறினவர்கள்: கழற்ற முடியாத மாவுக்கட்டில் நூற்றுக்கு 89.5. கழற்றி மாட்டும் பூட்ஸில் 65. அரைச் செருப்பில் 58. வேடிக்கை என்னவென்றால், ஆராய்ச்சிக் கூடத்தில் நடக்கவிட்டு அளந்தால் மாவுக்கட்டும் பூட்ஸும் பாரத்தை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறைக்கின்றன. பின் ஏன் இந்த வித்தியாசம்? அந்தப் பூட்ஸில் ஒருவருக்கும் தெரியாமல் அடி எண்ணும் கருவியை வைத்தார்கள், 2003-ல். நோயாளிகள் நடந்த அடிகளில் நூற்றுக்கு 28 தான் பூட்ஸ் போட்டு நடந்தவை! மிச்சமெல்லாம் பூட்ஸ் இல்லாமல். வீட்டுக்குள்ள தானே, பாத்ரூம் வரைக்கும் தானே, பூஜை அறையில் எப்படிப் போடறது... 2005-ல் அதே பூட்ஸைக் கழற்ற முடியாதபடி சுற்றிக் கட்டிவிட்டு இன்னொரு பரீட்சை வைத்தார்கள். கழற்ற முடிந்தவர்களில் 52 சதவீதம் ஆறியது. கழற்ற முடியாதவர்களில் 83. மருந்து மாறவில்லை, பூட்ஸ் மாறவில்லை. ஒரு சுற்றுப் பட்டை மட்டும்.

இதைப் படித்துவிட்டு அத்தான் முகத்தைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார். கட்டிலுக்கடியில் அவருடைய கழற்றும் பூட்ஸ் புது மணம் மாறாமல் இருந்தது.

"அத்தான், இதைப் போட்டு எத்தனை நாளாச்சு?"

"வெளிய போகையில போடுதேன்லா?"

"வெளியவே போறதில்லையே நீங்க?"

"அதான் போடல."

ரத்த ஓட்டம் இருக்கிறதா, சீழ் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டுப் போடவேண்டும்; இரண்டில் ஒன்று சரியில்லாமல் மூடிக் கட்டினால் ஆபத்து. டாக்டர் நாடி பார்த்து, படம் எடுத்து, திருப்திப்பட்ட பிறகு முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார். வாரம் ஒரு தடவை வெட்டிப் பார்த்துப் புதுக்கட்டு. அத்தான் முதல் வாரம் எங்கள் எல்லோரையும் சபித்தார். குளிக்க முடியவில்லை, அரிக்கிறது, கொள்ளுப்பேத்தி பார்த்துப் பயப்படுகிறாள். அக்கா காதிலேயே வாங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுததோடு அவளுடைய பயமும் சரி, பரிதாபமும் சரி, தீர்ந்துபோயிருந்தது.

கட்டு மாற்றும்போது நான் ஒரு காரியம் செய்தேன். சுத்தம் பண்ணின தெளிவான பிளாஸ்டிக் தாளைப் புண் மேல் வைத்து நர்ஸம்மாவை ஓரம் வரையச் சொல்லி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கிராஃப் பேப்பரில் வைத்துக் கட்டம் எண்ணினேன். நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த அத்தானுக்குப் பொறுக்கவில்லை.

"இப்படியா வே அளப்பாங்க? கொண்டாரும் இங்க." வாங்கி நடுவே ஒரு கோடு இழுத்தார். இரண்டு பக்கமும் குறுக்குக் கோடு போட்டார். நாலு முக்கோணம், மூணு சரிவகம். கூட்டினார். "412 சதுர மில்லி மீட்டர். வடகிழக்கால ஒரு மூலை துருத்திக்கிட்டு இருக்கு, அதக் கவனிக்கச் சொல்லும்." தன் காலைப் புறம்போக்கு மாதிரி அளந்த முதல் சர்வேயர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

நாலு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைந்தால் 12 வாரத்தில் ஆற நல்ல வாய்ப்பு, குறையாவிட்டால் வைத்தியத்தை மறுபரிசீலனை பண்ணு என்று 2003-ல் 203 பேரை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாலாவது வாரம் அத்தான் கணக்கு: 187. ராத்திரி ஒன்பதரை மணிக்கு எனக்குப் போன் பண்ணி, "பாதிக்கும் கீழ வே!" என்றார். அந்தக் குரலில் நான் சந்தோஷத்தைக் கேட்டது வெகு நாளைக்கு அப்புறம். இப்போதெல்லாம் சர்க்கரையும் அளக்கிறார். அளவு என்று வந்துவிட்ட பிறகு அவரால் விடமுடியவில்லை.

பதினோராம் வாரம் மூடியது. பதின்மூன்றாம் வாரமும் மூடியே இருந்தது.

போன வெள்ளிக்கிழமை போயிருந்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து, யாரோ ஒரு பெண்ணிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இந்தா, இந்த வீட்டு அண்ணாச்சி கால் போகவேண்டியது. நான் போட்ட மஞ்சத்தான் உள்ள நின்னு வேலை பாத்துருக்கு. மெதுவாத்தான் கேக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். அத்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எங்க போறீரு?"

"அந்தக் கிழவிகிட்ட நாலு வார்த்தை கேட்டுட்டு வாறேன் அத்தான். ஆத்துனது கட்டு. அவ மஞ்சளா ஆத்துச்சு?"

"நீருதான் சொன்னீரு, 63 பேர், 80 பேர், சீட்டு, ஒப்பிட இன்னொரு கோஷ்டின்னு. இங்க இருக்கறது ஒரே ஒரு கால். இத வச்சிக்கிட்டு அவ சொல்லுதது தப்புன்னு நீர் எப்படி வே நிரூபிப்பீரு?"

எனக்குப் பதில் வரவில்லை. அத்தான் புதுச் செருப்பை எடுத்து, உள்ளே கையைவிட்டு ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, மாட்டிக்கொண்டு நடந்தார்.